கொட்டாங்கச்சிகள் காலியாக இருந்த சனிக்கிழமை

மதார் சாகிப்புக்குப் புண்ணுக்குக் கட்டுப்போடுவது வேலை. செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த குஷ்டரோக ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷமாக அதைச் செய்துவந்தார். காலை எட்டு மணிக்கு ஓட்டுக் கொட்டகையின் முன்னால் வரிசை நிற்கும். பழைய துணியை அவிழ்ப்பார், புண்ணைக் கழுவுவார், மருந்து வைப்பார், புதுத் துணி சுற்றுவார். முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே ஆளின் பெயரைச் சொல்லிவிடுவார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றிப் போட்டார்கள். பிறகு வெள்ளை மாத்திரை வந்தது. மாத்திரையில் நோய் அடங்கியது. ஆனால் மரத்துப்போன கை மரத்துப்போனதுதான். கொதிக்கிற பானையைப் பிடித்தாலும் தெரியாது, காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. தெரியாததால் புண் வந்தது. புண் வந்ததால் மதார் சாகிப்புக்கு வேலை இருந்தது.

ஊருக்குள் அவருடைய அண்ணன் கயிற்றுக்கடை வைத்திருந்தார். அண்ணன் மகளின் நிக்காஹ் விருந்தில் எல்லோரும் நான்கு நான்கு பேராகத் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மதார் சாகிப் உட்கார்ந்த தாம்பாளத்தில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருந்தது. யாரும் வந்து உட்காரவில்லை. அவர் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்திருந்தார். தொட்டால் ஒட்டுகிற நோய் என்றால் எனக்கு எப்போதோ வந்திருக்க வேண்டுமே என்று சொல்ல நினைத்தார். சாப்பிடும் இடத்தில் அந்தப் பேச்சு எதற்கு என்று விட்டுவிட்டார். நான்கு பேருக்கான சோற்றில் தன்னால் முடிந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை பிற்பகல் அவருக்கு ஓய்வு. ஆனாலும் வீட்டுக்குப் போகமாட்டார். ஆண்கள் வார்டு வராந்தாவில் உட்கார்ந்து துப்பறியும் தொடர்கதை வாசிப்பார்.

முதலில் வாசித்துவந்தவர் உலகநாதன். மதுராந்தகம் பக்கத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்து, நோய் கண்டு இங்கே வந்தவர். நாளாக ஆக அவருக்கு இமைகள் மூடாமல் போயின. நாலு வரி படித்தால் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. ஒருநாள் ஐந்தாவது வரியில் மதார் சாகிப் பத்திரிகையை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வாசிப்பு அவருடையதாகிவிட்டது.

பத்திரிகை சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை ரயிலில் வரும். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போய் வாங்குவார். மறுநாள் பிற்பகல் வரை மடிப்பைப் பிரிக்கமாட்டார். அவர் மனைவி பதருன்னிசாவுக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏங்க, ஒரு பக்கம் பாத்துட்டு மூடி வெச்சா யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

எல்லோரும் கேட்கும்போதுதான் தானும் அதை முதல்முறையாகப் பார்க்கவேண்டும் என்று அவர் வைத்திருந்தார். மற்றபடி அவருக்கு வாழ்க்கையில் ஆச்சரியம் எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் சித்திரையில் 'சாம்பல் நிறக் கையுறை' என்ற தொடர் ஆரம்பித்தது. மகாபலிபுரத்தில் கடலோரமாக ஒரு ஜமீன்தாரின் பங்களா. அங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கொலைகள். செய்பவன் சாம்பல் நிறக் கையுறை போட்டவன். முகத்தை யாரும் பார்த்ததில்லை. அவனைப் பிடிக்க வந்தவர் துப்பறியும் கோதண்டராமன்.

ஆண்கள் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். பெண்கள் மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம். முதல் வாரமே தகராறு வந்தது.

"'சூரியன் கடலில் மூழ்கியது. மகாபலிபுரத்தை இருள் சூழ்ந்தது'" என்று மதார் சாகிப் வாசித்தார்.

"இரு, இரு. இன்னா மூழ்கிச்சி?" என்றார் முனிசாமி. அவர் மகாபலிபுரத்துக்கு வடக்கே தேவனேரியைச் சேர்ந்த மீனவர். வந்து ஆறு வருஷமாகிறது. வருஷத்துக்கு ஒருமுறை அவர் தம்பி வருவான். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றே பேசிவிட்டுப் போய்விடுவான். வீட்டுக்கு வா என்று ஒருமுறையும் சொன்னதில்லை.

"சூரியன்."

"எந்தக் கடல்ல?"

"மகாபலிபுரத்துக் கடல்லதான்."

"அண்ணாத்த, அங்க சூரியன் கடல்லேர்ந்து எழுந்துக்கும். வுழுவுறது ஊருக்குப் பின்னால, மேக்கால."

"எழுதனவரு மெட்ராஸ்காரர், முனிசாமி. அவருக்கு எப்படித் தெரியும்?"

"மெட்ராசுலயும் அதே கடல்தான கீது? பத்து மணிக்கு எழுந்துக்கற ஆளு போல."

அடுத்த வாரம் கோதண்டராமன் பூட்ஸ் காலுடன் கட்டுமரத்தில் பாய்ந்து ஏறி, நின்றபடி குறிபார்த்துச் சுட்டார்.

"பூட்ஸ் போட்டுகினு மரத்துல நின்னானா? நின்னுகினு சுட்டானா? எங்கப்பன் நாப்பது வருசம் மரம் ஏறுனவன். அவனே தும்முனா குப்புற வுழுவான்."

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேண்டாவின் குரல் வந்தது. அவள் உள்நாட்டுக் கிராமத்துப் பெண். மூன்று பெண்களுக்குப் பிறகு நான்காவதாகப் பிறந்ததால் வைத்த பெயர். "அத வுடு. கதைல அந்த ஜமீன் வூட்டம்மா பட்டுப்பொடவ கட்டிகினு ஜன்னல் வழியா குதிச்சி முள்ளுக்காட்டுல ஓடறா. பொடவ கிழியவே இல்ல. எந்தக் கடைல வாங்குனான்னு ஒரு கடுதாசி போட்டுக் கேளு சாயபு."

கதை பொய் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் கோதண்டராமன் கிணற்றில் விழுந்த வாரம், முனிசாமி புதன்கிழமை வரை சரியாகச் சாப்பிடவில்லை.

ஒவ்வொரு தொடரும் முடியும் வாரத்தில், வாசிப்பதற்கு முன்னால் கொலைகாரன் யார் என்று அவர்கள் சொல்லவேண்டும். பென்சில் பிடிக்கும் விரல் அங்கே அதிகம் பேரிடம் இல்லை. அதனால் உலகநாதன் ஒரு வழி செய்திருந்தார். சந்தேகப்படும் ஆளுக்கு ஒன்றாகக் கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைப்பார். இது ஜமீன்தார், இது அவர் தம்பி, இது டாக்டர், இது கணக்குப்பிள்ளை என்று உரக்கச் சொல்வார். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. உள்ளங்கையின் ஓரத்தால் தள்ளிப் போட்டுவிடலாம். வேண்டா அதற்கு முந்தின மூன்று தொடரிலும் சரியான கொட்டாங்கச்சியில் போட்டிருந்தாள்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு கட்டம் வந்தது. கொலைகாரன் பங்களாவின் அறையில் முதுகைக் காட்டி நிற்கிறான். கையுறையைக் கழற்றி வைத்திருக்கிறான். வேலைக்காரி சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிறாள். அவன் எரிகிற லாந்தரின் கண்ணாடியை வெறுங்கையால் பிடித்து எடுக்கிறான். அவசரமில்லாமல் மேஜையின் அந்தப் பக்கம் வைக்கிறான். மறுநாள் கோதண்டராமன் கண்ணாடியில் ஒட்டியிருந்த தோலைக் கண்டெடுக்கிறார்.

அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. கதை அவ்வளவு நன்றாகப் போகிறது என்று மதார் சாகிப் எடுத்துக்கொண்டார்.

எட்டாவது வாரம் வாசகர் கடிதப் பகுதியில் அதைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். மதார் சாகிப் அதையும் வாசித்தார். "'எரிகிற லாந்தர்க் கண்ணாடியைச் சதையும் ரத்தமும் உள்ள மனிதன் எவனாவது வெறுங்கையால் எடுப்பானா? ஆசிரியர் முதலில் தம் வீட்டு லாந்தரில் செய்து பார்த்துவிட்டு எழுதட்டும்.'" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பில் யாரும் சேரவில்லை.

"நியாயமான கேள்விதானே வாத்தியாரே?"

"கதைக்குப் போங்க சாயபு" என்றார் உலகநாதன்.

அன்று காலையில்தான் மதார் சாகிப் வேண்டாவின் வலது உள்ளங்கைக்குக் கட்டுப் போட்டிருந்தார். கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கியதில் தோல் உரிந்துவிட்டது. தீய்ந்த நாற்றம் வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அந்தக் கட்டைப் போட்டுவிட்ட அதே கையில் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சிரித்தார். காலையில் பார்ப்பது வேலை, பிற்பகலில் படிப்பது கதை. அவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

பதினான்காவது வாரம், ஆடி மாதத்துச் சனிக்கிழமை, கடைசி அத்தியாயம். உலகநாதன் கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைத்தார். பெயர்களைச் சொன்னார். புளியங்கொட்டைகள் ஒரு தட்டில் இருந்தன. யாரும் எடுக்கவில்லை.

"வேண்டாம்மா, உன் கொட்டை?"

"தெரியல சாயபு."

"முனிசாமி?"

"இன்னாத்த சொல்றது. குழப்பமா கீது."

உலகநாதனும் போடவில்லை. இந்த எழுத்தாளன் கெட்டிக்காரன் என்று மதார் சாகிப் நினைத்தார். இத்தனை பேரைக் குழப்பிவிட்டானே. மடிப்பைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார்.

கடற்கரையில் போலீஸ் வளைத்துக்கொள்கிறது. கையுறைக்காரன் பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிறான். "'கோதண்டராமன் புலிபோல் பாய்ந்து அவனுடைய கையுறையைப் பற்றி இழுத்தார். கையுறை கழன்றது'" என்று வாசித்தார்.

வாசிப்பவரின் கண் வாயைவிட ஓரிரு வரி முன்னால் போகும். அந்த வரிகளில் ஜமீன்தாரின் தம்பி விரல்களற்ற கையோடு நின்றான். போலீஸ்காரர்கள் அருவருத்துப் பின்வாங்கினார்கள். தொடாதீர்கள், குஷ்டரோகி என்று கோதண்டராமன் கூவினார். அழுகிய உடலில் அழுகிய மனம் என்று ஆசிரியர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். லத்திகளை நீட்டி, கை படாமல், அவனைக் கடலை நோக்கித் தள்ளினார்கள். எதிர்ப் பக்கத்தில் படமும் இருந்தது.

மதார் சாகிப் நிறுத்தினார். எதிரே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்திருந்தார்கள். கட்டுகளெல்லாம் அவர் போட்டவை.

"கழன்றது" என்றார் முனிசாமி மெதுவாக. "அப்பறம்?"

மதார் சாகிப் பத்திரிகையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"'கையுறை கழன்றது. உள்ளே... உள்ளங்கையில் பச்சை குத்தியிருந்தது. ஒரு நாகப்பாம்பு. எல்லோரும் திடுக்கிட்டார்கள். அவன் வேறு யாருமல்ல. டிரைவர் அப்பாசாமி!'"

அந்த வார்டில் டிரைவர் யாரும் இல்லை. அதனால்தான் அந்தப் பெயர் வாயில் வந்தது. வந்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

சுவரோரம் சாய்ந்திருந்த கிழவர் கருப்பன் கண்ணைத் திறந்தார். வழக்கமாகப் பாதிக் கதையில் தூங்கிவிடுபவர். "டிரைவரா? அவந்தான் நாலாவது வாரமே செத்துட்டானே? ஆஸ்பத்திரிக்கு எடுத்தாந்து அறுத்துகூட பாத்தாங்களே."

இவர்கள் சூரியன் எந்தப் பக்கம் விழுகிறது என்பதற்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டவர்கள். மதார் சாகிப் முனிசாமியைப் பார்க்காமல் பத்திரிகையைப் பார்த்தார்.

"அறுத்தது வேற ஆள" என்றார் முனிசாமி.

"இன்னா வேற ஆளு?"

"பொணத்துக்குத் தல இல்லியே. டிரைவர்னு எப்டித் தெரியும்?"

"தல இருந்துச்சிப்பா. மீசையப் பத்திகூட எழுதியிருந்தான்."

"அன்னிக்கி நீ தூங்கிகினு இருந்த நைனா. மீசைய கனவுல பாத்துருப்ப."

தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். உலகநாதன் கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "டிரைவரே தன் சட்டைய இன்னொருத்தனுக்கு மாட்டிவிட்டிருப்பான். அப்படித்தான எழுதியிருக்கு சாயபு?"

"ஆமா" என்றார் மதார் சாகிப். "அப்படித்தான் எழுதியிருக்கு."

அதையும் வாசிப்பதுபோல் சொன்னார். பிறகு எல்லாம் வேகமாகப் போயிற்று. அப்பாசாமி போலீஸை உதறினான், கரையில் கிடந்த கட்டுமரத்தைத் தள்ளினான். "'கட்டுமரம் மேற்கு நோக்கிச் சீறிப் பாய்ந்தது'" என்றார்.

எல்லோருடைய தலையும் முனிசாமி பக்கம் திரும்பியது. மகாபலிபுரத்துக் கரையிலிருந்து மேற்கே போனால் மணல். அப்புறம் சவுக்குத் தோப்பு. அப்புறம் செங்கல்பட்டுக்கு வரும் ரோடு. முனிசாமி உதட்டை நனைத்துக்கொண்டார்.

"போவும்" என்றார். "நல்லாவே போவும். நீ படி சாயபு."

"காத்து அப்டி" என்றாள் வேண்டா.

கோதண்டராமன் துரத்திப் போய் அப்பாசாமியைப் பிடித்தார். விலங்கு மாட்டினார். மதார் சாகிப் "முற்றும்" என்றார். கையுறை கழன்றதற்குப் பிறகு அச்சாகியிருந்ததிலிருந்து அவர் வாசித்த சொல் அது ஒன்றுதான்.

வழக்கமாக வாசித்து முடித்ததும் பத்திரிகையை வார்டிலேயே விட்டுவிட்டுப் போவார். ஒரு வாரம் படம் பார்ப்பார்கள். அன்று மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வூட்ல கேட்டாங்க" என்றார்.

பதருன்னிசாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று அவரே பலமுறை சொல்லியிருந்தார்.

"அவங்களும் படிக்கணுமில்ல" என்றார் உலகநாதன். கொட்டாங்கச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

வீட்டில் பதருன்னிசா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "யாருங்க கொலைகாரன்?"

"டிரைவர்."

"அவன் நாலாவது வாரமே செத்துட்டான்னு நீங்கதான சொன்னீங்க?"

"சாவல."

"நல்லா இருக்கே. இதப் போயி காசு குடுத்து வாங்கறீங்களா?"

அவர் சாப்பிட்டு எழுந்து, கடைசி அத்தியாயம் இருந்த தாள்களைக் கிழித்து அடுப்பில் போட்டார். பதருன்னிசா பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை கொட்டகையில் வேண்டா முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவர் கட்டை அவிழ்த்தார். உள்ளங்கை ஏறக்குறைய ஆறியிருந்தது. ஓரத்தில் மட்டும் சிவப்பு.

"நல்லா படிச்ச சாயபு" என்றாள்.

"கதை பிடிச்சிருந்துச்சா?"

"கத இன்னா கத. நீ நல்லா படிச்ச." அவர் மருந்தை எடுக்கும்வரை காத்திருந்தாள். "அஞ்சாவது வாரம் லாந்தர் கண்ணாடிய வெறுங்கையால எடுத்து வெச்சான்ல. அன்னிக்கே எங்களுக்குத் தெரியும்."

மதார் சாகிப்பின் கை நின்றது. தான் பிடித்திருந்த உள்ளங்கையைப் பார்த்தார்.

"எல்லாருக்குமா?"

"தட்டிக்கு இந்தாண்ட எல்லாருக்கும். அந்தாண்டயும்தான். கடுதாசி எழுதன அந்த மகராசனுக்குத்தான் தெரியல. அப்பறம் உனக்கு."

"அப்ப ஏன் யாரும் கொட்டை போடல?"

"நம்ம ஆள எப்டி சாயபு காட்டிக்குடுக்கறது?"

அவர் புண்ணைக் கழுவினார். கழுவிய இடத்தையே மறுபடி கழுவினார்.

"வாத்தியாருதான் பொலம்பிகினே இருந்தாரு" என்றாள் வேண்டா. "சாயபு மின்னாடியே படிச்சிப் பாக்கறவரு இல்ல, திடுதிப்புனு மாட்டிக்கப்போறாரு, பாவம்னு. நீ இன்னாடான்னா செத்தவன எழுப்பி கட்டுமரத்துல ஏத்திட்ட."

வரிசையில் சிரித்தார்கள். மதார் சாகிப்பும் சிரித்துவிட்டார்.

"நெசமா அவனுக்கு இன்னா ஆச்சி?" என்றாள். "புடிச்சிட்டாங்களா?"

அவர் துணியைச் சுற்றத் தொடங்கினார். "இல்ல. கடல்ல குதிச்சிட்டான்."

"அவனா குதிச்சானா?"

"ஆமா."

"நீந்தத் தெரியுமா அவனுக்கு?"

"அத எழுதல."

"எழுதலன்னா தெரியும்."

அவளுக்கு அடுத்து முனிசாமி நின்றிருந்தார். அவர் கொட்டகைத் தூணைப் பார்த்தபடி பேசினார். "ஆடி மாசம் தண்ணி வடக்கால இழுக்கும். மகாபலிபுரத்துல குதிச்சவன கையக் கால ஆட்டாமயே தேவனேரில கொண்டாந்து வுட்டுரும். கரை ஏறுனா எங்க வூடுதான் மொத வூடு. கதவத் தட்டுனா தொறப்பாங்க. கஞ்சி ஊத்துவாங்க."

வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். புளியமரத்தடியில் வந்து நிற்கும் தம்பியை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

"தொறப்பாங்க" என்றாள் வேண்டா.

"மீன் கொழம்பும் ஊத்துவாங்க" என்றார் கருப்பன்.

மதார் சாகிப் வேண்டாவின் கட்டை முடிந்தார். முனிசாமியை உட்காரச் சொல்லி, அவருடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.